ஆவாரையும் கருவண்டும்

தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் தம் வீட்டுக் கொல்லையை நாடி வரவேண்டும் என்ற ஆசையால் நாற்றுப் பண்ணையில் விலை கொடுத்து வாங்கி வைத்த அடுக்கிதழ்ப் பூச்செடிகள் கண்ணுக்கு விருந்தாகப் பூத்துக் குலுங்கியும் ஒரு பூச்சிகூட அவற்றின் பக்கம் திரும்பவில்லை என்றும், அதே சமயம் தடித்த கருவண்டு ஒன்று மாட்டுக்கொட்டகையின் மூங்கிலைத் துளைத்துக் குடியேறிவிட்டது, அதற்கு என்ன மருந்து அடிக்கலாம் என்றும் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் மருந்து வைத்து ஒழிக்க நினைக்கும் அந்தக் கருவண்டே, வரவேண்டுமென்று அவர் ஏங்கியிருக்கும் விருந்தாளிகளில் தலையானது.

அடுக்கிதழ்ப் பூக்களில் இருப்பவை பெரும்பாலும் இதழ்களாக உருமாறிய மகரந்தக் காம்புகளே. பூச்சிக்கு அங்கே உணவு இல்லை. உணவில்லாத வீட்டுக்கு அது ஏன் வரவேண்டும்? நம் வேலியோரச் செடிகளின் கதை வேறு. எருக்கிலையைத் தின்று வளரும் புழுவும், கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் தின்று வளரும் புழுவும், ஆடுதின்னாப்பாளையின் குலத்துச் செடிகளைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பாராத புழுவும் பிற்பாடு என்னென்ன வண்ணத்துப்பூச்சிகளாகின்றன என்பதைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பலரும் அறிவார்கள். ஆகையால் அவற்றை விட்டுவிட்டு, என் மனத்தை வெகுகாலமாகக் கவர்ந்திருக்கும் ஆவாரையைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் ஆவிரை என்று இடம்பெற்றதும், கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டப்படுவதும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து இறங்குவதற்கு முன் சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழிலுக்கே ஆதாரமாக நின்றதும் இந்தச் செடிதான். இத்தனை காலம் நம்மோடு வாழ்ந்த இதன் பூவை உற்றுப் பார்த்தவர்கள் சிலரே. அதில் தேன் கிடையாது. அது பூச்சிகளுக்குக் கொடுக்கக்கூடியது மகரந்தம் ஒன்றே. அதையும் எளிதில் கொடுப்பதில்லை. பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை முதிர்ந்ததும் நீளவாக்கில் பிளந்து தூளை வெளியே பரப்பிவிடும். ஆவாரையின் மகரந்தப் பையோ பிளப்பதில்லை. அதன் நுனியில் சிறு துவாரம் மட்டும் திறக்கிறது. என் பாட்டனார் திருநீற்றை ஒரு சுரைக்குடுக்கையில் வைத்திருந்தார். அதைச் சாய்த்தால் ஒன்றும் விழாது. பக்குவம் அறிந்து தட்டினால்தான் உள்ளங்கையில் கொஞ்சமாகத் தூள் உதிரும். ஆவாரையின் மகரந்தப் பையும் அப்படிப்பட்டதே.

தட்டத் தெரிந்தது கருவண்டு. வண்டு என்று வழக்கத்தில் சொன்னாலும், அது தேனீக் குலத்தைச் சேர்ந்தது. தச்சுத் தேனீ என்று நூல்களில் எழுதுகிறார்கள். அது பூவின்மேல் வந்து அமர்ந்ததும் மகரந்தப் பைகளைத் தாடைகளால் கவ்விக்கொண்டு, உடலை வளைத்து அவற்றைத் தழுவி, சிறகுகளை மடக்கி அசையாமல் வைத்துக்கொள்கிறது. பிறகு, பறப்பதற்கென்று மார்பில் அமைந்த தசைகளைச் சிறகுகளை விடுத்துத் தனியே இயக்கி, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு பூவுக்குள் பாய, உள்ளே அடைபட்டிருந்த மகரந்தம் துவாரத்தின் வழியாகப் புகைபோல் பீறிட்டு அதன் மார்பிலும் வயிற்றிலும் அப்பிக்கொள்கிறது. காலை வேளையில் ஆவாரம் புதரின் அருகே சற்று நின்றால், பறக்கும்போது எழும் ரீங்காரம் பூவில் அமர்ந்தவுடன் சட்டென்று ஸ்தாயி உயர்ந்து, விட்டு விட்டு ஒலிப்பதைக் காதாலேயே கேட்கலாம். மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ ஆகிய மூன்றுக்கும் இந்த வித்தை கைவரவில்லை. ஆவாரையில் அவை பொறுக்குவதெல்லாம் கருவண்டு சிந்திய மிச்சமே.

செடி ஏன் இவ்வளவு கருமியாக இருக்க வேண்டும்? மகரந்தம் புரதச் சத்து நிறைந்தது. தேனீ அதைத் தன் குஞ்சுகளுக்கு ஊட்ட விரும்புகிறது, செடியோ தன் வமிசம் தழைக்க அதை வேறொரு பூவுக்கு அனுப்ப விரும்புகிறது. ஒவ்வோர் அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விடுவதால் அந்தத் தூள் பல தேனீக்களுக்கும் பல பூக்களுக்கும் பரவுகிறது. அதோடு, ஆவாரைப் பூவின் பத்து மகரந்தக் காம்புகளும் ஒரே அளவில் இல்லை. மேலிருக்கும் மூன்றும் மலடு, மற்றவற்றில் சில குட்டை, சில நெட்டை. இவ்வினச் செடிகளில் தேனீ கவ்விக் கறப்பது குட்டைக் காம்புகளை. அந்த நேரத்தில் நெட்டைக் காம்புகள் அதன் கைக்கு எட்டாத ஓரிடத்தில் தூளைப் பூசிவிடுகின்றன, அடுத்த பூவின் சூல்முடி வந்து உரசுவதும் அந்த இடத்திலேயே. உணவுக்கு ஒரு காம்பு, சந்ததிக்கு ஒரு காம்பு என்ற இந்த வேலைப் பிரிவினையை 1880-களில் ஜெர்மானியரான ஹெர்மன் முல்லர் எடுத்துரைத்தார். 1882 ஏப்ரல் 19 அன்று காலமான டார்வின், அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்கூட, இவ்விதப் பூக்களைப் பற்றி எழுதியிருந்த அமெரிக்க ஆய்வாளர் ஒருவரிடம், தாம் சோதனை செய்து பார்ப்பதற்காக விதை கேட்டுக் கடிதம் எழுதினார். அந்திம காலத்திலும் அம்மேதையின் சிந்தையில் நின்ற விஷயம் நம் ஊர்ப் பொட்டல் காட்டில் ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருக்கிறது.

உலகில் சுமார் 20,000 வகைச் செடிகள் இவ்வாறு துவாரத்தின் வழியாகவே மகரந்தம் தருகின்றன. நம் கத்தரியும் தக்காளியும் அதே முறையைக் கையாளுபவை. காற்றின் ஆட்டத்தாலும் அவை ஓரளவு காய்க்கும் என்றாலும், தேனீ வந்து அதிர்த்த பூவில் காய் நன்றாகத் திரளும். கண்ணாடிக் கூரையின் கீழே தக்காளி வளர்க்கும் ஐரோப்பியர்கள் ஒரு காலத்தில் மின்சார அதிர்வுக் கருவியைக் கையில் ஏந்திப் பூங்கொத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார்கள். 1980-களின் பிற்பகுதியில் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இதற்கென்றே ஒருவகைத் தேனீயைப் பெட்டிகளில் வளர்த்து விற்கும் தொழில் பிறந்தது. அங்கே பணம் கொடுத்துப் பெறும் சேவையை இங்கே கூலியின்றிச் செய்யும் பிராணியை நாம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொல்கிறோம்.

இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். கருவண்டு மரத்தைத் தின்பதில்லை. குஞ்சு வைக்க இடம் தேடித்தான் துளைக்கிறது. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டாது. துளைக்குள் மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டை ஒன்றை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்புச் சுவர் எழுப்பி, மறுபடியும் உருண்டை பிடிக்கத் தொடங்கும் அந்தத் தாயை விரோதியாக நினைக்க நியாயம் எதுவும் இல்லை. தரங்கம்பாடியின் பெயரை விஞ்ஞானப் பெயராகத் தாங்கிய கருவண்டு வகை ஒன்று, நிலவில்லாத இருளிலும் பறந்து பூக்களைத் தேட வல்லதென்று மேற்குத் தொடர்ச்சி மலைப் பிரதேசத்தில் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இத்தகைய ஜீவன்களுக்கு இடமில்லாதபடி, காய்ந்த கிளையை உடனே வெட்டி எரிப்பதும், முற்றம் முழுவதும் சிமெண்டு பூசுவதும், வேலியோரத்து ஆவாரையையும் எருக்கையும் குப்பைச் செடியென்று பிடுங்கி எறிவதும் சுத்தம் என்ற பெயரில் நடக்கின்றன.

ஆவாரை வளர்ப்பதில் சிரமம் ஏதும் இல்லை. விதையின் தோல் கெட்டியானது; வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊற வைத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, வெயில் விழும் இடத்தில் நேரடியாக ஊன்ற வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பெயர்த்து நடுவது அதற்கு ஒத்துவராது. வேர் பிடித்துவிட்டால் பிறகு தண்ணீர்கூடக் கேட்காது. ஆனால் ஆவாரையும் கத்தரியும் தேன் தராதவை ஆதலால், கருவண்டு பசியாற அருகில் தேனுள்ள செடிகளும் இருந்தாக வேண்டும். எருக்கும் கிலுகிலுப்பையும் முருங்கையும் அதற்கு உகந்தவை. கத்தரிக்கு மருந்து அடித்தே தீரவேண்டுமானால், தேனீக்கள் மும்முரமாக உழைக்கும் காலை நேரத்தை விட்டு மாலையில் அடிப்பது நலம்.

கொட்டகை மூங்கிலைக் காப்பாற்ற விரும்புவோர், விரல் நுழையும் உட்குழிவுள்ள உலர்ந்த மூங்கில் துண்டுகளை ஒரு முனையில் கணு அடைத்திருக்கும்படி நறுக்கி, மழை படாத இறவாரத்தில் படுக்கை வசமாகக் கட்டி வைக்கலாம். முருங்கையின் பட்ட கிளை ஒன்றை வெட்டாமல் விடுவதும் போதும். கருவண்டு காலி செய்துவிட்டுப் போன துளைகளில், இலையை வட்டமாக நறுக்கிக் கொண்டுபோய் அறை அமைக்கும் வேறொரு சிறு தேனீ வந்து குடியேறுவதுண்டு. துவரம்பூவில் பாடுபடும் தேனீக்களுள் அதுவும் ஒன்றாதலால், அந்த மூங்கில்களுக்கு அருகே நாலு துவரைச் செடியும் ஊன்றி வைப்பது நல்லது.