வஸிய்யத்தும் மருத்துவ முன்விருப்பமும்: கல்முனைக் கரையோரச் சமூகத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

சொத்துப் பற்றிய இறுதி விருப்பத்தை உயிருள்ளபோதே கூறிவைக்கும் வழக்கம் முஸ்லிம் சமூகத்திற்குப் புதிதன்று. வஸிய்யத் எனப்படும் அவ்வேற்பாட்டை இஸ்லாமியச் சட்ட மரபு விரிவாக வகுத்துள்ளது. ஆனால், அறிவு தவறிப் பேச்சிழந்த நிலையில் தனக்கு எத்தகைய சிகிச்சை அளிக்கப்படவேண்டும், தன் சார்பில் யார் பேசவேண்டும் என்பவற்றை முன்கூட்டியே எழுதிவைத்தல் நம்மிடையே இன்னும் பரவவில்லை. அவ்வாறு எழுதப்படுவதே மருத்துவ முன்விருப்ப ஆவணமாகும். அதன் தேவையைக் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலான அம்பாறைக் கரையோர ஊர்களின் சமூக அமைப்போடு பொருத்தி நோக்குவோம்.

இக்கருத்து நவீன மருத்துவத்தின் விளைவு. சுவாசக் கருவி முதலியன உயிரை நீடிக்கும் ஆற்றலை வைத்தியர்களுக்கு வழங்கியபோதே, அதனை எங்கு நிறுத்துவது என்ற வினாவும் எழுந்தது. அமெரிக்கச் சட்டத்தரணி லூயிஸ் குட்னர் 1969இல் இத்தகைய ஆவணமொன்றை முன்மொழிந்தார். 1976இல் கலிபோர்னியா மாநிலம் அதனைச் சட்டமாக்கிற்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆந் திகதி இவ்வுரிமையை ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை இலகுவாக்கியது.

இலங்கையில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. சாதாரண அற்றோணித் தத்துவமும் இங்கு உதவாது. அதனை வழங்கியவர் சித்த சுவாதீனம் இழந்ததும், பொதுச்சட்டப்படி அது வலுவிழந்துவிடும். ஆகவே, நம் நாட்டில் இவ்வாவணம் கட்டளையன்று. நோயாளியின் விருப்பத்துக்கான எழுத்துச் சான்று மட்டுமே. எனினும், வைத்தியரும் குடும்பத்தவரும் தடுமாறும் வேளையில் அச்சான்றின் பெறுமதி சிறிதன்று.

இது மார்க்கத்துக்கு முரணாகுமோ என்ற ஐயம் இயல்பானது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி 1986இல் அம்மானில் கூடி, மூளையின் செயற்பாடு மீளமுடியாதவாறு முற்றாக நின்றுவிட்டதென நிபுணர்கள் உறுதிசெய்தால், இதயம் கருவியால் இயங்கிக்கொண்டிருப்பினும் அக்கருவியை அகற்றலாம் எனத் தீர்மானித்தது. 1992இல் ஜித்தாவில் நிறைவேற்றிய தீர்மானத்தில், தீர்மானிக்கும் தகுதியுள்ள நோயாளியின் சம்மதம் சிகிச்சைக்கு அவசியம் எனக் கூறியது. அதே தீர்மானம், சிகிச்சையைக் கைவிடுவதால் உயிரோ உறுப்போ அழியும் நிலையில் சிகிச்சை கடமையாகும் எனவும் வலியுறுத்தியது. எனவே, உயிரைப் போக்குமாறு கேட்பது வேறு. பயனற்ற கருவிச் சிகிச்சையை வேண்டாமென்பது வேறு. முன்னதற்கு இவ்வாவணத்தில் இடமில்லை.

இனி, நம் சமூக அமைப்பை நோக்குவோம். இக்கரையோரத்தில் திருமணத்தின்போது வீடு பெண்ணுக்குச் சீதனமாக வழங்கப்படுகின்றது. மணமகன் மனைவியின் வீட்டில் குடியேறுகின்றார். தாய்வழிக் குடி முறையும் இங்கு நிலவி வந்துள்ளது. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக ஆராய்கின்றது. இவ்வமைப்பில் முதிய பெற்றோர் பெரும்பாலும் மகளின் வீட்டிலோ அதன் அயலிலோ வாழ்கின்றனர். இரவு பகலாகப் பராமரிப்பவள் மகள். தாய் எதற்கு அஞ்சினாள், எதனை வேண்டாமென்றாள் என்பதை அறிந்தவளும் அவளே. ஆயினும், வைத்தியசாலையில் முடிவு கேட்கப்படும்போது மகனையோ மருமகனையோ தேடுவதே வழக்கம். மகன் மத்திய கிழக்கில் தொழில் புரிபவராகவும் இருக்கலாம். பேசவேண்டியவர் இன்னாரென எழுதிவைத்தல், பராமரிப்பவளின் குரலுக்கு அங்கீகாரம் அளிக்கும். இவ்வாவணத்தின் முதன்மைப் பயன் இதுவே எனலாம்.

ஆவணத்தில் இடம்பெறவேண்டியவை சிலவே: தன் சார்பில் பேசுபவரின் பெயரும் அவர் இல்லாவிடத்து மாற்றாளின் பெயரும், குணமடையும் வாய்ப்பு அற்றுவிட்டதென வைத்தியர்கள் முடிவுசெய்தால் இதய மீளுயிர்ப்பு, செயற்கைச் சுவாசம், குழாய்வழி உணவு ஆகியன பற்றிய விருப்பம், நோவு தணிக்கும் சிகிச்சை எந்நிலையிலும் தொடரவேண்டும் என்ற வேண்டுகோள், இறுதி நாட்களை வீட்டிற் கழிக்க விரும்புகின்றாரா என்பது. எழுதுமுன் தமக்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியருடன் கலந்துரையாடுதல் நன்று. கடனை எழுதிவைக்கவும் இரு சாட்சிகளை நிறுத்தவும் குர்ஆன் (2:282) பணிப்பதை அறிந்த சமூகத்திற்கு, திகதியிட்டு இரு சாட்சிகள் முன் ஒப்பமிடுதல் அந்நியமன்று. கல்முனை வைத்தியசாலைகளில் தமிழ்ப்பிரதி போதுமாயினும், நோயாளி கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்றப்படக்கூடுமாதலால் சிங்கள அல்லது ஆங்கிலப் பிரதியும் தேவை. நினைவுள்ளவரை விருப்பத்தை எவ்வேளையும் மாற்றலாம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். தீவிர சிகிச்சைக் கட்டில்களின் பற்றாக்குறையை மறைக்கும் கருவியாக இவ்வாவணம் பயன்படலாகாது. வசதியின்மையால் ஏழை கைவிடும் சிகிச்சையை அவருடைய சுயவிருப்பம் எனக் கொள்ளமுடியாது.

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் தொற்றினால் இறந்தோரைக் கட்டாயமாக எரித்த கொள்கை, ஜனாஸாக்களை நல்லடக்கம் செய்யும் உரிமையைப் பறித்தது. அதற்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. தம் உடலைப் பற்றிப் பிறர் முடிவெடுப்பதன் வேதனையை இச்சமூகம் நன்கறியும். அரசின் ஆணையைத் தனியொருவரின் எழுத்து தடுத்திராது என்பது உண்மையே. ஆனால், படுக்கையருகே எடுக்கப்படும் முடிவுகளில் நோயாளியின் சொல்லை முன்வைப்பது நம்மாற் கூடியது. பள்ளிவாசல் நிருவாகங்களும் மாதர் சங்கங்களும் வைத்தியர்களும் உலமாக்களும் இணைந்து எளிய தமிழில் ஒரு மாதிரிப் படிவத்தை ஆக்கித் தருவது அதற்கான முதற்பணியாகும்.