ஏணி வேண்டாம், கோல் போதும்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக வலப்பனைக்குப் பயணஞ் செய்வோர், தேயிலை மலைகளின் நடுவே வெள்ளி நிறம் பூண்டு நிமிர்ந்து நிற்கும் தொழிற்சாலைகளைக் காணாதிருக்க முடியாது. மூன்று மாடி, நான்கு மாடி. மாடிக்கு மாடி வரிசை வரிசையாக யன்னல்கள். பறித்த கொழுந்து வாடுவதற்குக் காற்று வேண்டும் என்பதற்காகவே முன்னோர் இத்தனை யன்னல்களை வைத்துக் கட்டினர். மாலை வெயில் பட்டு அவை மின்னும் அழகை நாம் வியந்து செல்கிறோம். ஆனால், அந்த உயரத்துக் கண்ணாடியைத் துடைப்பவர் யார், எதன்மீது நின்று துடைக்கிறார் என்று நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தொழிற்சாலை 1996ஆம் ஆண்டு முதல் ஹோட்டலாக விளங்குகிறது. ஒருகாலத்தில் கொழுந்து வாடிய மேல்மாடிகளில் இன்று விருந்தினர் உறங்குகின்றனர். கொழுந்துக்கு யன்னல் தெளிவாயிருக்க வேண்டியதில்லை. விருந்தினருக்கோ மலையும் மஞ்சும் மாசின்றித் தெரிய வேண்டும். இவ்வாறு கண்ணாடி துடைத்தல் மலைநாட்டிலும் ஒரு தொழிலாகிவிட்டது. கொழும்பு சென்று இத்தொழிலில் சேரும் நம் பிள்ளைகளும் உளர். ஆகவே, பிள்ளை என்ன வேலை செய்கிறான் என்று கேட்கும் பெற்றோர், எந்தக் கருவியைக் கொண்டு செய்கிறான் என்பதையும் கேட்டறிதல் நன்று.

ஏணியிலிருந்து விழுபவனுக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைப்பது அரிது. இருபது அடி உயரத்திலிருந்து விழுந்தவன், இரண்டு விநாடி கடக்கும் முன்னரே தரையில் கிடப்பான். பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உயர வேலை விதிகளின் முதற் கட்டளை யாதெனில், உயரத்தில் ஏறாமலே செய்யக்கூடிய வேலைக்கு ஏறலாகாது என்பதே. கண்ணாடி துடைப்போருக்கு அக்கட்டளையை நிறைவேற்ற உதவும் கருவிதான் தண்ணீர் ஏறும் கோல். மனிதன் தரையில் நிற்பான். தண்ணீரும் தூரிகையும் மேலே செல்லும்.

கோலின் அமைப்பு

ஒன்றினுள் ஒன்று அடங்கும் பல குழல்களால் ஆனது இக்கோல். வேண்டிய அளவுக்கு இழுத்து, பூட்டை இறுக்கினால் நீண்டு நிற்கும். உள்ளே மெல்லிய குழாயொன்று ஓடுகிறது. நுனியில் வளைந்த கழுத்தும், அதில் தூரிகையும், தூரிகையில் நீர் பீறிடும் சிறு துவாரங்களும் உண்டு. தூரிகையால் தேய்த்து அழுக்கை இளக்கியபின், அதே நீரால் கண்ணாடியை மேலிருந்து கீழாகக் கழுவி விட்டுவிட வேண்டும். துணியால் துடைக்க வேண்டியதில்லை. தானாகவே உலர்ந்து பளிச்சிடும்.

"துடைக்காமல் விட்டால் திட்டுத் திட்டாகக் கறை படியாதா?" என்று இல்லத்தரசியர் கேட்பர். மிக நியாயமான கேள்வி. கறை படிவது நீரினால் அன்று. நீரில் கரைந்துள்ள உப்புக்களினாலேயே. நீர் ஆவியாகிப் போக, உப்பு கண்ணாடியில் தங்கிவிடுகிறது. அந்த உப்புக்களை முன்கூட்டியே அகற்றிவிட்டால் கறைக்கு இடமேது? இதற்கெனச் சவ்வு வழியாக நீரை அழுத்தி வடிக்கும் முறையும், உப்பைப் பற்றிக்கொள்ளும் பிசின் மணிகளினூடே செலுத்தும் முறையும் உள்ளன. வட மத்திய மாகாணத்துக் கிராமங்களில் குடிநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் முதல் முறையே கையாளப்படுகிறது.

சுண்ணாம்புப் பாறையூடாக வரும் யாழ்ப்பாணக் கிணற்று நீரைவிட மலைநாட்டு ஓடை நீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. எனினும் குறைவு என்பது இல்லை என்பதாகாது. மாணவர்கள் வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். சுத்தமான கண்ணாடித் துண்டொன்றில் பீலித் தண்ணீர் ஒரு துளியும், வேறொன்றில் வெட்டவெளியில் ஏந்திய மழைநீர் ஒரு துளியும் விட்டு உலர வையுங்கள். எந்தத் துளி வளையம் வரைகிறது என்பதைக் கண்ணே கூறும். தொழில் செய்வோர் கையளவான ஒரு மானியால் இதனை அளப்பர். பத்து இலட்சம் பங்கு நீரில் கரைந்த பொருள் 10 பங்குக்குக் குறைவாயிருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

எவ்வளவு நீளம்?

கோல் வாங்கச் செல்பவன் முதலில் செய்ய வேண்டியது கடைக்குப் போவதன்று, கட்டடத்தை அளப்பதே. மிக உயரத்திலுள்ள யன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எத்தனை அடி என்று பார்க்க வேண்டும். ஏறக்குறைய அதே நீளமுள்ள கோல் போதும். கோலைச் சாய்த்துப் பிடிப்பதால் குறையும் உயரத்தை, பிடிப்பவனின் உயரம் ஈடுசெய்துவிடும். மலைச்சரிவில் கட்டிய கட்டடமாயின் முன்புறம் இரண்டு மாடியாகவும் பின்புறம் நான்கு மாடியாகவும் இருக்கும். ஆதலால் நாற்புறமும் அளத்தல் அவசியம்.

"நீளமாக ஒன்றை வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் உதவுமே" என்று எண்ணுவது தவறு. கோல் நீள நீளப் பாரமும் ஆட்டமும் மிகும். அரைக் கிலோ நிறையுள்ள தூரிகை 30 அடிக் கோலின் நுனியில் இருக்கிறது என்று கொள்வோம். கோல் நேராக நின்றால் அது பெரும் பாரமன்று. செங்குத்திலிருந்து 20 பாகை சாய்ந்தாலோ, தூரிகை பத்தடி விலகிவிடும். அப்போது ஓரடி தூரத்தில் ஐந்து கிலோவைத் தாங்குவதற்குச் சமமான இழுப்பைக் கைகள் தாங்க வேண்டும். கோலின் சொந்தப் பாரம் வேறு. நாள் முழுவதும் இதைச் செய்பவனின் தோளும் கழுத்தும் என்னாகும்? ஆகவே, நாளாந்த வேலைக்குக் குட்டைக் கோலொன்றும், எப்போதாவது வரும் உயர வேலைக்கு நீண்ட கோலொன்றும் வைத்திருப்பதே அறிவுடைமை.

எந்தப் பொருளால் ஆனது?

அலுமினியக் கோல் மலிவானது. ஆனால் நீளத்துக்கு ஏற்பப் பாரமும் உண்டு, வளைந்தால் நிமிர்வதில்லை. கண்ணாடி நாரினாலான கோல் நடுத்தர விலை. இரண்டு மாடிக்குப் போதும், அதற்கு மேல் மூங்கில் போல ஆடும். காபன் நாரினாலானது இலேசும் விறைப்பும் உடையது. மூன்று மாடிக்கு மேல் அதுவே உகந்தது, விலையோ பன்மடங்கு. கண்ணாடி நாரும் காபன் நாரும் கலந்த கோல்களும் உள. விலைச் சீட்டை மாத்திரம் பார்த்து முடிவு செய்யலாகாது. கடையிலேயே கோலை முழு நீளத்துக்கு இழுத்து, தூரிகையையும் மாட்டி, சுவரில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு தொய்கிறது, பூட்டுக்கள் வழுக்குகின்றனவா, மார்கழிக் குளிரில் விறைத்த விரல்களாலும் அவற்றைத் திறக்க இயலுமா, ஒரு குழல் வெடித்தால் அதற்கு மாற்றுக் கிடைக்குமா என்பனவெல்லாம் கேட்டறிய வேண்டியவை.

நீர் மேலேறுவதற்குப் பொதுவாகச் சிறு மின்பம்பி ஒன்றைப் பயன்படுத்துவர். மலைச்சரிவில் யன்னலுக்கு மேலாக நல்ல உயரத்தில் தாங்கி இருக்குமாயின், பம்பி இல்லாமலே நீர் ஏறும். வடித்த நீரை அத்தாங்கியில் சேர்த்து வைத்தால் போதும்.

உயிர் காக்கும் விதி

இதுவரை கூறியவை பணத்தையும் உடல் வலியையும் பற்றியவை. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது. காபன் நாரும் அலுமினியமும் மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி நார் உலர்ந்திருக்கும்போது கடத்தாது என்று நம்பி இருத்தலும் ஆபத்தே. ஏனெனில் கோலின் வெளிப்புறம் ஈரம், உள்ளே நீர். எந்தக் கோலும் மின்கம்பிக்குத் தோழனன்று. உயர் அழுத்தக் கம்பியாயின் கோல் அதைத் தொட வேண்டும் என்பதுமில்லை. அருகே சென்றாலே மின்சாரம் பாய்ந்துவிடக்கூடும்.

தோட்டங்களில் தொழிற்சாலைக்கும் லயங்களுக்கும் செல்லும் கம்பிகள் பல இடங்களில் கூரையை ஒட்டியே ஓடுகின்றன. கோலை உயர்த்துமுன் அண்ணாந்து பார்க்க வேண்டும். கோல் கைநழுவி எத்திசையில் சாய்ந்தாலும் எந்தக் கம்பியையும் அணுகாது என்று உறுதியானாலன்றி அதை உயர்த்தலாகாது. பலத்த காற்று வீசும் நாளிலும், இடி முழங்கும் வேளையிலும் வேலையை நிறுத்திவிட வேண்டும். கீழே கோல் நிற்கும் இடத்தில் பிள்ளைகள் விளையாடவும் விடலாகாது.

கோல் உதவாத இடங்களும் உள. உக்கிய மரச்சட்டமும் வெடித்த மக்கும் உள்ள பழைய யன்னலில் நீரைப் பீச்சினால் அது உள்ளே கசியும். கொழுந்து வாடிக்கொண்டிருக்கும் மாடியில் யன்னல் கழுவுவது, காற்று உலர்த்தும் கொழுந்தை நாமே நனைப்பதாகும். மாடி வெறுமையாயிருக்கும் நாளே அதற்குரிய நாள். அத்தகைய யன்னல்களை உள்ளே நின்று துணியாலும் றப்பர்ப் பட்டியாலும் துடைப்பதே முறை.

நல்ல கோலின் விலை கேட்டு முதலாளிமார் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. ஏணி மலிவானதுதான், ஆயினும் அதிலிருந்து ஒருவன் விழுந்தால் அந்த நட்டத்தை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது? கண்ணாடி துடைக்கும் வேலைக்குப் புறப்படும் மகனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்குமுன், "ஏறித் துடைப்பாயா, நின்று துடைப்பாயா?" என்று தாய் கேட்கட்டும். நின்று துடைப்பேன் என்று அவன் கூறுவானாயின், அவள் அன்றிரவு நிம்மதியாக உறங்கலாம்.