காப்பகத்து நாய்க்குட்டியும் நமது கடமையும்

இலண்டனில் பிறந்து வளரும் எமது பிள்ளைகளுள் பலர் நாய்க்குட்டி ஒன்று வேண்டுமென்று கேட்கின்றனர். மோர்டன் வீதிகளில் அயலவர் நாயுடன் உலாவச் செல்வதை நாள்தோறும் காணும் பிள்ளை அவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. அதற்குப் பெற்றோராகிய நாம் என்ன மறுமொழி கூறுவது என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாய் எமக்குப் புதியதன்று. அதன் குட்டிக்குரிய மரபுப் பெயர் 'குருளை' என்று தொல்காப்பியம் கூறுகின்றது. தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமர் மறுத்தார் என்பது பாரதக் கதை. வைரவரின் வாகனமும் நாயே. ஊரில் எத்தனையோ வீடுகளில் நாய் இருந்தது. ஆயினும் அங்கே அதனை வளர்த்தவர்கள் நாம் மட்டுமல்லர். முற்றமும் வேலியும் ஒழுங்கையும் சேர்ந்தே அதனை வளர்த்தன. அது தன் விருப்பம்போல் ஓடியது, குரைத்தது, களைத்ததும் மாமர நிழலில் உறங்கியது. இங்கோ கதவுகள் பூட்டிய வீடு, சிறிய கொல்லை, வேலைக்குச் செல்லும் பெற்றோர். ஊரில் முற்றம் செய்த வேலையை இங்கே நாமே செய்தல் வேண்டும். இதனை உணராது குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதே பின்னர் வரும் துன்பங்கள் பலவற்றுக்கும் காரணமாகின்றது.

காப்பகங்கள்

கைவிடப்பட்ட நாய்களைப் பேணும் நிறுவனங்கள் இந்நாட்டில் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. மேரி டீல்பி என்னும் பெண்மணி 1860இல் வட இலண்டனின் ஹொலோவேயில் தொடங்கிய இல்லம், 1871இல் பற்றர்சீக்கு இடம்பெயர்ந்து இன்றும் அங்கே இயங்குகின்றது. 1891இல் தோன்றி, இப்போது டோக்ஸ் ட்ரஸ்ட் எனப் பெயர் பெற்றுள்ள அமைப்பு, நாய் என்பது நத்தார்ப் பரிசு மாத்திரமன்று, அதன் ஆயுள் முழுவதற்குமான பொறுப்பு என்ற கருத்தை 1978 முதல் பரப்பி வருகின்றது.

குட்டியைத் தருமுன் காப்பகத்தார் பல கேள்விகள் கேட்பர். வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகளின் வயது என்ன, பகலில் யார் வீட்டில் இருப்பர், கொல்லை வேலி உறுதியானதா, வாடகை வீடாயின் உரிமையாளரின் அனுமதி உண்டா என விசாரிப்பர். குடும்பத்தவர் அனைவரும் குட்டியை நேரிற் காண வேண்டுமென்றும் பெரும்பாலும் கேட்பர். இதனை அவமதிப்பாகக் கருதலாகாது. ஒருமுறை கைவிடப்பட்ட உயிர் மீண்டும் கைவிடப்படாதிருத்தல் வேண்டும் என்பதே அவர்களது கவலை.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. 2016 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் எட்டு வாரத்துக்கு மேற்பட்ட நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயமாகும். பொது இடத்தில் நாயின் கழுத்துப் பட்டியில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர் விற்பது 2020 ஏப்ரல் 6 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

துடிப்பு ஒரு குற்றமன்று

காப்பகத்துக்கு வரும் சிறிய கலப்பினக் குட்டிகள் பலவற்றில் டெரியர் இரத்தம் உண்டு. டெரியர்கள் வளைக்குள் புகுந்து நரியையும் எலியையும் துரத்துவதற்கென மனிதரே வளர்த்தெடுத்த இனங்கள். எனவே தோண்டுதல், துரத்துதல், குரைத்தல், கடித்து இழுத்தல் ஆகியன அவற்றின் பிறவிக் குணங்கள். உருவம் சிறியது என்பதனால் உழைப்பும் சிறிது என எண்ணுதல் பிழையாகும்.

எமது இல்லத்துக்கும் அத்தகைய குட்டி ஒன்று வந்தது. மூன்று வாரங்களில் நான்கு சோடிச் செருப்புகளையும் ஒரு திரைச்சீலையையும் அது கிழித்தது. அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பற்றி இழுத்தது. திருப்பி அனுப்புவதென முடிவுசெய்து காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். மறுமுனையில் இருந்தவர் எம்மைக் கடிந்து கொள்ளவில்லை. "நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் அது தனித்திருக்கின்றது? அதற்கு என்ன வேலை கொடுக்கின்றீர்கள்?" என்று மாத்திரம் கேட்டார். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. குற்றம் குட்டியினுடையதன்று என்பதை அன்றே உணர்ந்தோம்.

அதன்பின் வீட்டின் ஒழுங்கை மாற்றினோம். உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடியதும் உடனே கொல்லைக்குக் கொண்டுசென்றோம். மெல்லுவதற்கு உரிய பொருள்களைக் கொடுத்தோம். நாய்க்குட்டிக்கு 28 பாற்பற்கள் உண்டு. அவை விழுந்து 42 பற்கள் முளைக்கும் மாதங்களில் அது எதையேனும் கடிக்கவே செய்யும். உணவின் ஒரு பகுதியைத் துணியில் சுருட்டி ஒளித்து வைத்துத் தேடவிட்டோம். மோப்பம் பிடிக்கும் வேலை, ஓட்டத்தைப் போலவே அதனைக் களைப்படையச் செய்தது.

தடுப்பூசிகள் நிறைவுறும் வரை குட்டியைப் பொது நிலத்தில் இறக்கலாகாது. ஆயினும் முதல் மூன்று மாதங்களே அது உலகத்துக்குப் பழகும் காலம். ஆதலின் கையில் ஏந்திச் சென்று மோர்டன் ரயில் நிலையத்தின் இரைச்சலையும் மனித முகங்களையும் காட்டினோம். பின்னர் வாண்டில் ஆறு ஓடும் மோர்டன் ஹோல் பூங்காவே அதன் முற்றமாயிற்று.

எமது சமையலறை

எமது உணவில் நாய்க்கு நஞ்சாவன பல உண்டு. வெங்காயமும் உள்ளியும் அதன் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். முந்திரிகைப் பழமும், பொங்கலில் இடும் பிளம்ஸும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சொக்கலேற் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். ஆதலின் வடையோ கறிச்சோறோ அன்பினாற்கூட ஊட்டலாகாது. விருந்தினருக்கும் இதனை முன்கூட்டியே சொல்லி வைத்தல் நன்று. தீபாவளியும் நவம்பர் 5உம் அண்மித்து வருவதால், வெடியோசை கேட்கும் இரவுகளில் அதனைத் தனியே விடலாகாது.

முடிவாக

சிறிய நாய்கள் பல பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். இன்று எட்டு வயதில் குட்டி கேட்கும் பிள்ளை பல்கலைக்கழகம் சென்ற பின்னும் அந்த நாய் வாசலில் காத்திருக்கும். அப்போது மழையில் அதனை நடத்திச் செல்பவர்கள் பெற்றோராகிய நாமே. இதனை மனமார ஏற்பவர் காப்பகத்தின் கதவைத் தட்டுவாராக. இயலாதோர் பிள்ளையிடம் அன்போடு "இப்போது இயலாது" என்று கூறுவாராக. அதுவும் அவ்வுயிருக்குச் செய்யும் நன்மையே. எமது குட்டி இப்போது செருப்புகளைக் கடிப்பதில்லை. மாலையில் அவற்றைக் கவ்வி வந்து எமது காலடியில் வைக்கின்றது, நடக்கப் புறப்படுவோம் என்பதற்கு அடையாளமாக.