கியர் எண்ணெய் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

கியரை 'டி'க்குத் தள்ளினால் கார் இரண்டு விநாடி யோசித்துவிட்டு, ஒரு குலுக்கலோடு நகரும். சில மாதங்களாகவே இப்படித்தான். அப்பா ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்த 11 வயது கார். நான்கு கியர் கொண்ட பழைய ஆட்டோ வகை. பட்டறையில் காட்டினேன். ஏறிக்கூடப் பார்க்காமல், "கியர்பெட்டி போச்சு, மாத்திடுங்க" என்றார்கள். சொன்ன தொகை என் ஒன்றரை மாதச் சம்பளம்.

அம்மாவின் தம்பி பல வருடம் லாரிப் பட்டறையில் இருந்தவர். தொலைபேசியில் மாமா கேட்டது ஒரே கேள்விதான்: "கியர் எண்ணெய் கடைசியா எப்ப மாத்துன?"

எஞ்சின் எண்ணெய் மாற்றிய ரசீதெல்லாம் இருக்கிறது. கியர் எண்ணெய்க்கு ஒன்றுகூட இல்லை.

ஞாயிறு காலை மாமா இரண்டு ஜெக் ஸ்டாண்டுகளோடு வந்து இறங்கினார். ஜெக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்கக்கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, காரைத் தாங்கிகளில் நிறுத்தி, அசைத்துப் பார்த்த பிறகுதான் என்னைக் கீழே விட்டார்.

புதிதில் சிரப் தண்ணீர்போல் சிவப்பாக இருக்கும் எண்ணெய், கோப்பி-ஓ நிறத்தில் இறங்கியது. வடித்த பிறகும் அடித்தட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனால் ஒரு மூலை போல்ட்டை மட்டும் கடைசிவரை விட்டுவைத்து, தட்டை மெல்லச் சாய்க்க வேண்டும். நான் அவசரப்பட்டேன். முழங்கை வரை எண்ணெய்.

தட்டுக்குள் இருக்கும் காந்தத்தை எடுத்து மாமா பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அதில் ஒட்டியிருந்த சாம்பல் நிறச் சேற்றை விரலில் தேய்த்தார். "மாவு மாதிரி இருக்கு. தேய்மானம்தான். இரும்புச் சில்லு இருந்திருந்தா பட்டறைக்காரன் சொன்னது சரின்னு அர்த்தம்."

கியர்பெட்டியின் பம்பு, ஃபில்டர் வழியாகத்தான் எண்ணெயை உறிஞ்சுகிறது. அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறத் தாமதமாகும். கியர் பிடிப்பதும் தாமதமாகும். புது ஃபில்டரைப் பொருத்தி, பழைய கேஸ்கட்டைச் சுரண்டித் துடைத்து, தட்டை மாட்டினோம். ஒரு போல்ட்டை நான் பலமாக முறுக்க, மாமா ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். "அலுமினியம்டா! மரை போனா அழுவ." அந்த போல்ட்டுகளுக்கு லேசான இறுக்கம் போதும், கையேட்டில் அளவு போட்டிருக்கிறது.

வடிந்ததை அளந்தோம்: 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கையேடு சொல்லும் வகை எண்ணெயையே அதே அளவு ஊற்றினோம். மீதிப் பழைய எண்ணெய் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடுவதால், முழுதும் ஒரே முறையில் மாறாது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகத் தள்ளி, மீண்டும் 'பி'க்கு வந்து, சூடான நிலையில் அளவுகோலைப் பார்த்தோம். அதிகமானாலும் தப்பு, எண்ணெய் நுரைத்துவிடும். சிவிடி வகைக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். அதன் எண்ணெய் வேறு. பல புதுக் கார்களில் அளவுகோலே கிடையாது.

செலவு 200 ரிங்கிட்டுக்குள். பழைய எண்ணெயைப் புட்டிகளில் அடைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். சாக்கடையில் ஊற்றுவது சட்டப்படி குற்றம்.

குலுக்கல் நின்றுவிட்டது. தாமதம் காலையில் மட்டும் லேசாக எட்டிப் பார்க்கிறது. அடுத்த மாதம் இன்னொரு முறை வடித்து மாற்ற வேண்டும். மாமா இந்த முறை காருக்கடியில் வரமாட்டாராம். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாராம்.