லாரிக்கு வயது 12

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிக்காரர்களில் ‘டிரைவர் கம் ஓனர்’ என்று ஒரு தனி வகை உண்டு. பத்துப் பதினைந்து வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். கையில் சேர்ந்த பணத்தோடு வீட்டு நகையையும் வைத்து, பழைய ஆறு சக்கர வண்டி ஒன்றை வாங்கித் தானே ஸ்டியரிங் பிடிப்பார். இன்று பத்து வண்டி, இருபது வண்டி வைத்திருக்கும் பலருக்கும் முதல் வண்டி இப்படி வந்ததுதான். அதனால் “நாலு லட்சத்துக்கு ஒரு வண்டி நிக்குதுங்க, எடுத்துப் போட்டுறலாமா?” என்று யாராவது கேட்டால், கூடாது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது.

கேட்பவர் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றித்தான் பேசுவார். முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தேதியை.

மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்ற நேஷனல் பெர்மிட் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இரண்டு ஆக்சில் மட்டும் உள்ள சரக்கு வண்டிக்கு 12 வயது தாண்டினால் இந்தப் பெர்மிட் கிடையாது. பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் போன்ற மல்டி ஆக்சில் வண்டிகளுக்கு வரம்பு 15 வயது. சந்தையில் ஆறு சக்கர வண்டி ஒன்று திடீரென்று மலிவதற்கு இதுதான் பெரிய காரணம். வண்டி நேற்று ஓடியதுபோலவே இன்றும் ஓடும். ஆனால் நேற்று வரை பெங்களூருவும் ஹைதராபாத்தும் போன வண்டி, இனி தமிழ்நாட்டுக்குள்தான் பிழைக்க வேண்டும். அதைக் கையில் வைத்திருக்கும் வெளிமாநில லைன் முதலாளிக்கு அது பாரம். ஆகவே தள்ளிவிடுகிறார். பதினொரு வயது வண்டியை எடுப்பவர் வாங்குவது ஒரு வருட வெளிமாநில ஓட்டத்தை. விலையை அந்தக் கணக்கில் பேச வேண்டுமே தவிர, பாடிக்கு அடித்த புதுப் பெயின்டைப் பார்த்து அல்ல.

உள்ளூர் ஓட்டம் கேவலம் என்று சொல்லவில்லை. செங்கல், ஜல்லி, எம்-சாண்ட், கோழித் தீவனம், ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு என்று மாவட்டத்துக்குள்ளேயே நல்ல வேலை இருக்கிறது. அதற்குப் பழைய வண்டி போதும். கையில் எந்த வேலை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எந்த வயது வண்டி வேண்டும் என்பதே தெரியும். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு லோடு தேடுகிறவர், புக்கிங் ஆபீஸ்காரர் சொல்லும் வாடகைக்குத்தான் தலையாட்டுவார்.

வயதோடு ஏறும் இன்னொரு செலவு எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று. பதிவான எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும். அதன் பிறகு வருடா வருடம். கட்டணம் மட்டும் செலவு இல்லை என்பது ஒருமுறை எஃப்.சி.க்கு வண்டி தயார் செய்தவருக்குத் தெரியும்: பெயின்ட், பிரேக் வேலை, லைட், ஒளிரும் பட்டைகள், பாடியில் ஆடும் பலகைகள், இவற்றோடு வண்டி பட்டறையில் நிற்கும் நாட்கள். போதாததற்கு, 2022 ஏப்ரலிலிருந்து 15 வயது தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு கட்டணத்தைப் பல மடங்காக்கியது. 2025 நவம்பரில் வந்த திருத்தம் 10 வயதிலிருந்தே படிப்படியாக ஏறும்படி வைத்திருக்கிறது. பழைய வண்டியைச் சாலையை விட்டு அனுப்புவதுதான் நோக்கம். அதை அரசு ஒளிக்கவும் இல்லை.

இன்சூரன்ஸ் இதற்கு நேர்மாறு. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு வண்டியின் விலையும் வயதும் பொருட்டில்லை. மொத்த எடைதான் கணக்கு. 2022ல் நிர்ணயித்த பிரீமியத்தின்படி 12 டன்னுக்கு மேல் 20 டன் வரையுள்ள சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு 35,313 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. முப்பது லட்ச ரூபாய் புது வண்டிக்காரரும் இதையேதான் கட்டுகிறார். நாலு லட்ச ரூபாய் வண்டிக்காரருக்கோ இது வண்டி விலையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு.

இதெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை அடிக்கும் அடி. தினம் அடிப்பது டீசல்.

ஒரு கணக்கு போடுவோம். ஆறு சக்கர வண்டி மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடுகிறது. போகும்போது பாரம், வரும்போது பாதி நாள் காலி என்று எல்லாம் சேர்த்து லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுக்கிறது. ஆயிரம் லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 92,000. இதே வண்டியில் ரிங் தேய்ந்து, பம்ப் வேலைக்கு வந்து, மைலேஜ் நான்காக இறங்கினால் 1,250 லிட்டர், 1,15,000 ரூபாய். மாதம் 23,000, வருடத்துக்கு 2,76,000 ரூபாய் புகையாகப் போகிறது. இரண்டு லட்சம் மலிவாகக் கிடைத்தது என்று எடுத்த வண்டி அந்த இரண்டு லட்சத்தை ஒன்பதே மாதத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளும். வாடகை டன்னுக்கு ஐம்பது ரூபாய் கூடக்குறைய என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், இந்த ஒரு கிலோமீட்டரைப் பற்றி வாங்கும்போது பேசுவதே இல்லை.

அதனால் வண்டி பார்க்கப் போகிறவர் விடியற்காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. ஏற்கெனவே சூடாக்கி வைத்த இன்ஜின் எதையும் காட்டிக்கொடுக்காது. ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம், என்ன நிறத்தில் புகை, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடிக்கிறதா என்று பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பிறகு கீழே படுத்து சேஸிஸ் முழுக்கக் கையால் தடவ வேண்டும். அதிகப் பாரம் ஏற்றிய வண்டியின் சேஸிஸில் வெல்டிங்கும் ஒட்டுத் தகடும் இருக்கும். மேலே தூசி படிந்திருக்க அடியில் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. சேஸிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்த்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். டயரைத் தனியாக விலை போடுங்கள்: ஆறும் ஸ்டெப்னியும் சேர்த்து ஏழு. முன்னால் ரீட்ரெட் போட்டிருந்தால் அந்த இரண்டையும் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். ஸ்பீடோ மீட்டரைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்ஜின் எந்தத் தலைமுறை என்பதும் முக்கியம். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியை எந்த ஊர் ரோட்டோர மெக்கானிக்கும் கழற்றி மாட்டிவிடுவார். 2017ல் நாடு முழுக்க பி.எஸ்.-4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு சென்சாரும் வயரிங்குமாக வேலை மாறிவிட்டது. மைலேஜ் நன்றாக இருக்கும். ஆனால் பழுது என்றால் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் இடம் வரை வண்டியை இழுத்துப் போக வேண்டியிருக்கும். முதல் வண்டிக்காரர் இரண்டையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரே பதில் இதற்கு இல்லை.

பணம்? பழைய லாரிக்குக் கடன் என்பதே தமிழ்நாட்டில் ஒரு பெரிய தொழிலாக வளர்ந்தது. வங்கிகள் திரும்பிப் பார்க்காத டிரைவர்களுக்குப் பழைய வண்டிக்குக் கடன் கொடுத்தே, 1979ல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் நாட்டின் பெரிய நிறுவனங்களில் ஒன்றானது. ஆனால் பழைய வண்டிக்கு வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு. வாடகை பாக்கி ஒரு மாதம் இழுத்தாலும் தவணை தேதி தள்ளிப்போகாது. தவணை தவறினால் வண்டியை ‘சீஸ்’ செய்ய ஆள் வரும். அப்போது கைவிட்டுப் போவது வண்டி மட்டுமல்ல. முன்பணமாகக் கொடுத்த நகையும்தான்.

தவணைக்கு ஓடுகிறவருக்கு வரும் முதல் சபலம் ஓவர்லோடு. ஆர்.சி.யில் எழுதிய எடைதான் சட்டத்துக்குக் கணக்கு. 2019 திருத்தச் சட்டம் அபராதத்தை 20,000 ரூபாயாக்கி, மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000 சேர்த்தது. ஒரு நடையில் இரண்டு டன் அதிகம் ஏற்றிச் சம்பாதிப்பதை ஒரே சலான் பல நடைக்குச் சேர்த்து விழுங்கிவிடும்.

இவ்வளவும் பயமுறுத்தினால், கீழே ஒரு படி இருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே தேவையில்லை. நம் ஊர் ‘குட்டி யானை’ இதற்குள் வரும். 7,500 கிலோ வரை இலகுரக வாகன (எல்.எம்.வி.) லைசென்ஸ் போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. கம்பீரம் குறைவுதான். ஆனால் காய்கறி மண்டி, ஹார்டுவேர் கடை, வீடு மாற்றுகிறவர்கள் என்று வாடகை அன்றன்றே கைக்கு வரும்.

எந்த வண்டியானாலும் காகித வேலையை புரோக்கரிடம் விட்டுவிடாதீர்கள். ஃபாரம் 29, 30ல் விற்பவரின் கையெழுத்து வேண்டும். மேலே கடன் இருந்தது என்றால் ஃபைனான்ஸ் கம்பெனி தரும் ஃபாரம் 35, வேறு மாநில வண்டி என்றால் ஃபாரம் 28. சாலை வரி பாக்கி, சலான் பாக்கி எல்லாம் அரசின் வாகன இணையதளங்களில் பார்த்தால் தெரியும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது அது. வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ‘ஓப்பன் பேப்பரில் இருக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்’ என்று விற்பவரே சொன்னால், அவருக்கு 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியவில்லை என்று பொருள். விபத்து நடந்தால், வண்டி கைமாறியிருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பு. இதை அவரிடம் சொல்லுங்கள். மறுநாள் காலை உங்களுக்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்.