தலைக்குப் பத்து சென்ட்

2011 செப்டம்பர் 18. டப்ளின் நகரின் குரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்து கேலிக் கால்பந்து இறுதிப் போட்டி முடியும் தறுவாயில் இருந்தது. டப்ளினும் கெர்ரியும் சமநிலை. டப்ளினுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. அதை உதைக்கத் தன் கோலை விட்டு முன்னேறி வந்தவர் கோல்கீப்பர் ஸ்டீபன் கிளக்ஸ்டன். பந்து இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலே பறந்தது. அந்த ஒரு புள்ளியில் கோப்பை 16 ஆண்டுகளுக்குப் பிறகு டப்ளினுக்குத் திரும்பியது.

அந்த உதை புகழ்பெற்றது. ஆனால் கிளக்ஸ்டன் ஆட்டத்தையே மாற்றியது இன்னோர் உதையால்.

கேலிக் கால்பந்தில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம். அந்நாளில் சட்டத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் மூன்று. எதிரணி புள்ளி எடுத்ததும் கோல்கீப்பர் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார். அதற்குக் கிக்-அவுட் என்று பெயர். முடிந்த மட்டும் தூரமாக நடுக்களத்துக்கு உதைப்பதே பழைய வழக்கம். அங்கே நெடிய ஆட்டக்காரர்கள் எம்பிக் குதிப்பார்கள். பந்து எந்த அணியின் கைக்கும் போகலாம்.

கிளக்ஸ்டன் கண்டது வெற்றிடத்தை. மைதானத்தின் நீளம் 130 முதல் 145 மீட்டர். அகலம் 80 முதல் 90 மீட்டர். ஆடுபவர்கள் முப்பது பேர். பங்கு போட்டால் தலைக்குச் சுமார் 400 சதுர மீட்டர், அதாவது பத்து சென்ட் மனை: இருபதுக்கு இருபது மீட்டர்.

இப்போது பந்தைப் பார்ப்போம். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 45 பாகைக் கோணத்தில் 60 மீட்டர் போகும் பந்து மூன்றரை விநாடி வானில் இருக்கும். விநாடிக்கு ஏழு மீட்டர் ஓடுபவர் அதற்குள் ஒரு மனையையே கடந்து வந்து நின்றுவிடுவார். 20 பாகையில் தாழ்வாக 25 மீட்டர் தூரம் உதைத்த பந்து ஒன்றரை விநாடிக்குள் போய்ச் சேரும். அதற்குள் எதிராளியால் பாதி மனையைத்தான் தாண்ட முடியும். அதிலும் உதையைக் கண்ட பிறகுதான் அவர் காலை எடுத்து வைக்க வேண்டும். பந்தை வாங்கப் போகிறவரோ முன்கூட்டியே ஓடத் தொடங்கியிருப்பார். எதிரணியினர் தத்தம் இடத்துக்குத் திரும்பும் முன்பே பந்தைத் தரையில் வைத்து, ஆள் நிற்கும் இடத்துக்கல்லாமல் அவர் வந்து சேரப்போகும் இடத்துக்கு உதைத்தார் கிளக்ஸ்டன். குருட்டு அதிர்ஷ்டமாக இருந்த கிக்-அவுட், குறிவைத்துக் கொடுக்கும் பந்தாயிற்று.

2001இல் டப்ளினுக்கு ஆடத் தொடங்கிய அவர், கேப்டனாக ஏழு முறை அகில அயர்லாந்துக் கோப்பையை ஏந்தினார். இடையில் இரண்டு பருவங்கள் விலகியிருந்து திரும்பியவர், 2023இல், 41 வயதில், ஒன்பதாவது பதக்கத்தை வென்றார். இது சம்பளமில்லாத விளையாட்டு. அவருக்குச் சோறு போட்டது ஆசிரியர் வேலை.

மற்ற அணிகளும் அவருடைய கிக்-அவுட் வித்தையைக் கற்றுக்கொண்டன. 2025இல் விதி மாறியது: கிக்-அவுட் பந்து கோலிலிருந்து 40 மீட்டர் தொலைவிலுள்ள வளைகோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். நடுக்களத்தில் எம்பிப் பிடிக்கும் காட்சி மீண்டும் வந்திருக்கிறது. புதிய விதிகளை வகுத்த குழுவின் தலைவர் ஜிம் கேவின். கிளக்ஸ்டனின் குறும் உதையைக் கொண்டு டப்ளினுக்குக் கோப்பைகள் வென்று தந்த பயிற்சியாளரும் அவரே.