தெருவிளக்கா, நுழைவு வளைவா? உங்கள் ஊராட்சிப் பணம் முதலில் எதற்குப் போக வேண்டும்?

இரவு ஏழரை மணி. டவுன் பஸ்ஸில் இருந்து பத்துப் பேர் இறங்குகிறார்கள். மெயின் ரோட்டில் இருந்து ஊருக்குள் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். முதல் மூன்று கம்பங்களில் விளக்கு எரிகிறது. நான்காவதில் இல்லை. ஐந்தாவதிலும் இல்லை. அதற்குப் பிறகு செல்போன் டார்ச்தான் துணை. டியூஷன் முடிந்து வரும் மகளைக் கூட்டிப்போக அம்மாவோ அப்பாவோ பஸ் ஸ்டாப்பிலேயே காத்து நிற்கிறார்கள். அப்படி வந்து நிற்க ஆள் இல்லாத வீட்டில், கொஞ்ச நாளில் டியூஷனே நின்றுபோகிறது.

கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. போய்க் கேட்டால், "ஊராட்சியில பணம் இல்லைங்க" என்ற பதில் வரும். பல ஊர்களில் அது உண்மையும்கூட. ஆனால், சில ஊர்களில் அதே வருடம் ஊர் எல்லையில் ஒரு நுழைவு வளைவு எழும்பியிருக்கும். நன்றாகவே இருந்த தெருவில் பழைய கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதிய பேவர் பிளாக் பதித்திருப்பார்கள். அங்கெல்லாம் பணம் இருந்திருக்கிறது. எது முதலில் என்ற வரிசைதான் தவறிப்போயிருக்கிறது.

அந்த வரிசையை முடிவு செய்வது யார்? சட்டப்படி பார்த்தால், பஸ்ஸில் இருந்து இறங்கிய அந்தப் பத்துப் பேருக்கும் அதில் பங்கு உண்டு.

விளக்கு போடுவது சலுகை அல்ல, கடமை

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. அதன் 110-வது பிரிவு, ஒரு கிராம ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போடுகிறது. ஊராட்சிச் சாலைகளைப் போடுவது, பழுதுபார்ப்பது, தெருவிளக்கு அமைப்பது, சாக்கடை கட்டுவது, தெருக்களைச் சுத்தம் செய்வது, குடிநீர் தருவது, மயானத்தைப் பராமரிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. அடுத்து வரும் 111-வது பிரிவில் இருப்பவை, ஊராட்சி விரும்பினால் செய்யலாம் என்ற வகையைச் சேர்ந்த வேலைகள்.

ஆக, கட்டாயம் எது, விருப்பம் எது என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. கட்டாய வேலை பாக்கி இருக்கும்போது விருப்ப வேலைக்குப் பணம் போனால், "ஏன்?" என்று கேட்க ஊரில் உள்ள எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு.

பணம் எந்த வழியில் வருகிறது?

ஊராட்சிக்குப் பணம் வரும் வழிகள் பல. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை ஊராட்சியின் சொந்த வருமானம். மாநில நிதிக் குழுவின் பரிந்துரைப்படி மாநில அரசு தரும் மானியம் இரண்டாவது வழி. மத்திய நிதிக் குழு மானியம் மூன்றாவது. 'அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்' போன்ற திட்டங்களின் பணம் இவற்றுக்கு மேல் வருவது.

மத்திய நிதிக் குழு மானியம் வந்துவிட்டால் அதை இஷ்டம்போல் செலவழிக்க முடியாது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்து வருடங்களுக்கு 15-வது நிதிக் குழு வகுத்த கணக்கு இது: 60 சதவிகிதம் நிபந்தனையோடு வரும் பணம். அதில் பாதி குடிநீருக்கு, மீதிப் பாதி சுகாதாரத்துக்கு. பாக்கி 40 சதவிகிதத்தைத்தான் ஊராட்சி தன் தேவையைப் பார்த்து ஒதுக்கலாம். அதையும் சம்பளத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ எடுக்கக் கூடாது.

எளிதாகப் புரிய ஒரு கணக்கு. ஓர் ஊராட்சிக்கு இந்த வகையில் 10 லட்சம் ரூபாய் வருகிறது என்று வையுங்கள். 3 லட்சம் குடிநீருக்கு. 3 லட்சம் சுகாதாரத்துக்கு. மிச்சம் 4 லட்சத்தில்தான் தெருவிளக்கு, சிறுபாலம், மயானப் பாதை, பள்ளிக்கூடத் தெரு எல்லாம் போட்டி போடுகின்றன. வரிசை முக்கியமாவது இந்த 4 லட்சத்தில்தான்.

கரன்ட் பில்லைப் பார்த்து யோசித்த ஊராட்சி

ஒரு விளக்கை மாட்டுவது ஒருநாள் செலவு. அதை எரிய வைப்பது மாதாமாதச் செலவு. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டும் கரன்ட் பில், சிறிய ஊராட்சிகளின் கையைக் கடிக்கிறது. புதிதாக ஒரு வேலை எடுக்கலாம் என்று பார்த்தால் பணம் பில்லுக்கே போயிருக்கும்.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே இருக்கும் ஓடந்துறை ஊராட்சி இந்தச் சிக்கலை நேராகப் பிடித்தது. ஆர்.சண்முகம் தலைவராக இருந்த 1996 முதல் 2006 வரையிலான காலம் அது. குடிநீர் வசதி பெருகப் பெருகக் கரன்ட் பில்லும் ஏறிக்கொண்டே போனது. ஊராட்சி முதலில் சோலார் தெருவிளக்குகளைப் போட்டது. தண்ணீர் இறைக்க, மரக்கழிவில் இருந்து மின்சாரம் எடுக்கும் சிறிய இயந்திரத்தை நிறுவியது. 2006-ல் உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாகவே வாங்கியது.

அதன் விலை சுமார் 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மிச்சம் வங்கிக் கடன். காற்றாலையில் கிடைத்த மின்சாரம் ஊரின் தேவைக்குப் போக மிஞ்சியது. மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றார்கள். பில் கட்டிக்கொண்டிருந்த ஊராட்சிக்கு மின்சாரத்தில் இருந்தே வருமானம் வர ஆரம்பித்தது.

எல்லா ஊரும் காற்றாலை வாங்க முடியாது. ஆனால், ஓடந்துறை முதலில் கேட்ட கேள்வியை எந்த ஊரும் கேட்கலாம்: "மாதாமாதம் நம் பணம் எதில் கரைகிறது? அதை முதலில் குறைக்க முடியுமா?" பழைய குழல் விளக்குகளை எல்.இ.டி-க்கு மாற்றுவது, பகலிலும் எரியும் விளக்குக்கு ஒழுங்கான ஸ்விட்ச் போடுவது, ஒழுகும் குழாயை அடைப்பது போன்றவை திறப்பு விழா நடத்த முடியாத வேலைகள். ஆனால், அடுத்த வருட வேலைக்குப் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுப்பவை இவைதான்.

முதலில் குழாய், பிறகு சாக்கடை, கடைசியில் ரோடு

வேலைகளின் வரிசை தவறினால் பணம் இரண்டு முறை செலவாகும். புத்தம் புதிதாக சிமென்ட் ரோடு போட்ட ஆறே மாதத்தில் குடிநீர்க் குழாய்க்காக நடுவில் வெட்டிப்போட்ட தெருக்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். வெட்டிய பள்ளத்தை அரைகுறையாக மூட, மழை நாளில் டூவீலர் அதில் இறங்கும்.

சாக்கடை இல்லாத தெருவில் ரோட்டை மட்டும் போட்டால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் போகும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய ரோடு போட்டால், ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது இந்த ஒன்றை மட்டும் பார்த்துக் கேட்டாலே, பல வீடுகளின் வாசற்படி தப்பும்.

கடைசித் தெருவுக்கு எப்போது முறை வரும்?

ஓர் ஊராட்சி என்பது ஒரே ஊர் அல்ல. 2011-ல் தமிழ்நாடு அரசு 'தாய்' திட்டத்தைக் கொண்டு வந்தபோது, மாநிலத்தின் ஊராட்சிகளுக்குள் இருந்த குக்கிராமங்கள் 79,394. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு. இரண்டே குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும், இருபது உள்ள ஊராட்சிக்கும் ஒரே மாதிரிப் பணம் கொடுத்தால், பெரிய ஊராட்சியின் ஓரத்துத் தெருவுக்கு ஒன்றும் போய்ச் சேராது. அதனால் 'தாய்' திட்டத்தில் குக்கிராமங்களின் எண்ணிக்கையைப் பார்த்து நிதி ஒதுக்கினார்கள். குடிநீர், தெருவிளக்கு, சாலை, மயானம், மயானத்துக்குப் போகும் பாதை ஆகியவை முதலில் என்று வைத்தார்கள்.

இந்த யோசனை வேறு நாட்டிலும் உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989 முதல், மாநகராட்சியின் பணம் எதற்குப் போக வேண்டும் என்று மக்களே கூட்டம் கூடி வரிசைப்படுத்தினார்கள். பணத்தைப் பிரிக்கும்போது மக்கள்தொகையோடு, எந்தப் பகுதியில் வசதி குறைவு என்பதற்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். தண்ணீரும் சாக்கடையும் இல்லாத பகுதிகள் அப்படித்தான் வரிசையில் முன்னே வந்தன.

நம் ஊரிலும் அதே கேள்வியைக் கேட்கலாம். ஐந்தாவது முறையாக ரோடு போடும் தெரு எது? ஒருமுறைகூடப் போடாத தெரு எது? ஊராட்சி அலுவலகத்தில் இருந்து தள்ளி இருக்கும் காலனிக்குப் போகும் வழியில் எத்தனை விளக்கு எரிகிறது?

யார் ரோடு, யார் கம்பம்?

பல கோரிக்கைகள் கிடப்பில் கிடக்கக் காரணம், தவறான கதவைத் தட்டுவதுதான். ஊருக்குள் இருக்கும் ரோடு ஊராட்சியுடையது. இரண்டு ஊராட்சிகளை இணைக்கும் ரோடு பெரும்பாலும் ஒன்றியத்துடையது. பஸ் போகும் பெரிய ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. மின்கம்பமும் கம்பியும் மின்வாரியத்தின் பொறுப்பு. அதில் தொங்கும் விளக்கு ஊராட்சியின் பொறுப்பு.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் நெடுஞ்சாலையில் ஊராட்சித் தலைவர் நினைத்தாலும் தானாக வேகத்தடை போட முடியாது. ஊராகச் சேர்ந்து ஜல்லியைக் கொட்டி மேடு போடுவதும் ஆபத்து. இருட்டில் அது தெரியாமல் வண்டியோட்டி விழுவார். கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதை நெடுஞ்சாலைத் துறைக்கும், கலெக்டர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அனுப்புவதே சரியான வழி.

கம்பம் சாய்ந்தாலோ கம்பி தொங்கினாலோ மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987. ஊராட்சி சம்பந்தப்பட்ட புகார்களுக்கு ஊரக வளர்ச்சித் துறையின் 'ஊராட்சி மணி' எண் 155340.

வருடத்தில் ஆறு நாள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாட்களிலும் கிராம சபை கூட வேண்டும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் இதில் உறுப்பினர்கள். ஊராட்சித் திட்டத்துக்கும் பட்ஜெட்டுக்கும் ஒப்புதல் தருவதும், தணிக்கை அறிக்கையைப் பார்ப்பதும் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த வேலை.

கூட்டம் செல்ல வேண்டுமென்றால் ஆள் கணக்கும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். இந்த எண்ணிக்கை சேராமல் கையெழுத்து மட்டும் வீடு தேடி வந்தால், போடாதீர்கள். அந்தக் கையெழுத்து, நீங்கள் கேட்காத ஒரு வேலைக்கு நீங்கள் கொடுத்த சம்மதம் ஆகிவிடும்.

கூட்டத்துக்குப் போகும்போது இவற்றைச் செய்யலாம்:

1. முந்தைய வாரம் இரவில் ஒருமுறை தெருக்களைச் சுற்றி வாருங்கள். எரியாத விளக்கின் கம்ப எண், மூடி இல்லாத சாக்கடை, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, பாலம் ஆகியவற்றைப் போட்டோவோடு குறித்துக்கொள்ளுங்கள்.

2. எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது மைக்கோடு போய்விடும். மனுவின் நகலில் ஊராட்சி செயலரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

3. "உயிருக்கு ஆபத்தானது முதலில்" என்று தனியாக ஒரு வரிசை கேளுங்கள். பள்ளிப் பாதை, அங்கன்வாடி, பஸ் ஸ்டாப், பெண்கள் வேலை முடிந்து திரும்பும் வழி ஆகியவை அதில் இருக்கட்டும்.

4. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள். தரவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நகல் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

5. ஊராட்சியின் வருடாந்தரத் திட்டம் 'இ-கிராம் ஸ்வராஜ்' இணையதளத்தில் இருக்கும். உங்கள் தெரு அதில் இருக்கிறதா என்று செல்போனிலேயே தேடலாம்.

6. வீட்டு வரி பாக்கி வைக்காதீர்கள். நிபந்தனை இல்லாமல் ஊராட்சி செலவழிக்கக்கூடிய பணம் அதுதான்.

நகரத்தில் இருப்பவர்களுக்கும் இதேபோல் வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் உண்டு. உங்கள் வார்டில் அது எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

தலைவர் இல்லாத காலத்தில்

2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்த ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. அந்த மாவட்டங்களில் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. 2016-க்கும் 2019-க்கும் நடுவிலும் இதே நிலை இருந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட உள்ளூர்த் தலைவர் இல்லாதபோது, ஒரு தெருவிளக்குக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. மத்திய நிதிக் குழு மானியத்துக்கும், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்பு இருப்பது ஒரு நிபந்தனை. தேர்தல் தள்ளிப்போவதன் விலையைக் கடைசியில் கொடுப்பது இருட்டில் நடப்பவர்கள்தான்.

ஆனாலும், தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. தீர்மானப் புத்தகமும் உண்டு. அடுத்த கிராம சபைக்கு அந்தப் பஸ்ஸில் இறங்கிய பத்துப் பேரும் போய், நான்காவது கம்பத்தின் எண்ணைச் சொல்லி எழுத வைத்தால் போதும். பிறகு யாரும் "யாரும் கேட்கலையே" என்று சொல்ல முடியாது.